நாலரையில் நிலத்தைத் தொடவேண்டிய கோடு

பல்கலைக்கழகத்தில் நம் துறை அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் பழைய கல்குலேற்றரை ஏன் இன்னும் எறியாமல் வைத்திருக்கிறோம் என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். முதுகில் ஊத்தைப் பிளாஸ்ரர் ஒட்டியிருக்குமே, அதுதான். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஓய்வுபெற்றவளை விழாவுக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, கையில் வடையையும் தந்துவிட்டு, நின்ற நிலையில் கேட்கிற கேள்வி அல்ல அது. அதோடு அந்த வருடங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே எனக்குக் களைத்துப்போகிறது. கேட்ட பிள்ளையின் முகம் ஞாபகத்தில் நிற்பதால்தான் இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் செய்யும் வேலை எனக்குத் தெரியும். விண்மீன் மண்டலக் கொத்து ஒன்றின் படத்தைக் கணினிக்குள் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறீர்கள். திரும்பி வரும்போது கொத்துக்குள் எங்கே எவ்வளவு நிறை இருக்கிறது என்று அது நிறம் தீட்டி வைத்திருக்கிறது. அதில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. மின்சாரம் கொஞ்சநேரம் நின்றால் நீங்கள் படும் பாட்டைப் பார்த்துச் சிரிப்பதோடு என் பங்கு முடிந்தது. நான் சொல்லக்கூடியது, கணினியும் மின்சாரமும் இல்லாத மூன்று பேர் ஒரு மழைநாளில் எடுத்த முடிவு ஒன்றைப் பற்றி மட்டும்தான். அந்த முடிவில் ஒருவருடைய தொழில் போனது. என்னுடையது அல்ல.

எண்பதுகளின் பிற்பகுதியில், எங்கள் துறைத் தலைவர் ஒரு போட்டோக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். அவருடைய பெயர் இங்கே வேண்டாம், அவருக்கும் பிடிக்காது. வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றின் பக்கம் அது. கறுப்பில் பொட்டுப் பொட்டாக ஒரு கொத்து, அதன் ஓரமாக வில்போல வளைந்த ஒரு கீற்று. முதலில் அதை நாங்கள் கொப்பி மெசினின் ஊத்தை என்றுதான் நினைத்தோம். தலைவர், நாங்கள் விரலால் தட்டிப் பார்த்து முடியும்வரை பொறுத்திருந்தார்.

பிறகு மின்சாரம் போன நாட்களில் எங்கள் எல்லோர் வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்கு இருந்தது. கொஞ்ச மண்ணெண்ணெய், பஞ்சுத் திரி, அவ்வளவுதான். சோடாப் போத்தலின் தடித்த அடியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அந்தச் சுடரைப் பார்த்தால், சுடர் இழுபட்டு வளைந்து வில்லாகத் தெரியும். ஈர்ப்பு வில்லையை மாணவருக்கு நாங்கள் அப்படித்தான் காட்டினோம். முன்னால் இருக்கும் கொத்தின் நிறை, பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் மண்டலத்தின் ஒளியை வளைக்கிறது. வளைவை அளந்தால் நிறை தெரியும். கண்ணுக்குத் தெரியாத நிறையும் அதற்குள் வந்துவிடும்.

அந்த வில்கள் சொன்ன நிறை எல்லோரையும் தொந்தரவு செய்தது. அன்றைக்குப் பெரும்பாலானோர் நம்பிய கொள்கைப்படி சின்னது முதலில் சேரும், பெரியது கடைசியில் சேரும். மண்டலக் கொத்துகள் எல்லாவற்றிலும் பெரியவை. அவை நேற்று வந்தவையாக இருக்கவேண்டும். ஆனால் பிரபஞ்சம் இளமையாக இருந்த காலத்திலேயே பாரமான கொத்துகள் இருந்திருக்கலாம் என்று ஆங்காங்கே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கொள்கைப்படி அப்படி எத்தனை இருக்கலாம்? இதுதான் கேள்வி. இதற்குத் தொலைநோக்கி வேண்டாம். கடதாசியும் பென்சிலும் பொறுமையும் போதும். அதனால்தான் அது எங்களுக்கு ஏற்ற கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்வியை எடுத்தவன் அன்ரன். குருநகர்ப் பிள்ளை, என்னைவிடச் சில வயது இளையவன், தகுதிகாண் காலத்தில் இருந்த விரிவுரையாளர். குறித்த காலத்துக்குள் மேற்படிப்புப் பட்டம் எடுக்காவிட்டால் வேலை போய்விடும் என்பது விதி. அந்த விதியை எழுதியவர்கள் கிளாலியைக் கண்டவர்கள் அல்ல. தொண்ணூறில் திரும்பவும் போர் தொடங்கியபின் எங்களுக்கு மின்சாரம் இல்லை, வெளியே போக வழியும் இல்லை. வெளியே போவதென்றால் பாஸ் என்ற அனுமதிச் சீட்டை எடுத்து, கிளாலிக்குப் போய், வள்ளத்தில் கடலேரியைக் கடக்கவேண்டும். வள்ளத்தின் மீது சூடு விழுந்தால் விழுந்ததுதான். அன்ரனுக்குத் தகப்பன் இல்லை. கடலில் தொழில் செய்யத் தடை. தாய், கரையில் கிடைத்த மீனை விற்று வீட்டைப் பார்த்தா. அன்ரனின் சம்பளம்தான் அந்த வீட்டின் தூண்.

தொண்ணூற்றுமூன்றில் அவனுக்கு ஒரு கதவு திறந்தது. தலைவர் எழுதிய கடிதம் ஒன்று எப்படியோ வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்து, பதிலும் வந்திருந்தது. ஆய்வு மாணவர் இடம் ஒன்று இருக்கிறது, வருட முடிவுக்கு முன் கணக்கின் முடிவை அனுப்பினால் தெரிவுக் குழுவிடம் நானே பேசுகிறேன் என்று அவர் எழுதியிருந்தார். அன்ரன் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்தான். சட்டையைத் தோய்க்கவும் விடவில்லை என்று தாய் என்னிடம் முறையிட்டா.

இனி நாங்கள் வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும். பிழை அதற்குள்தான் இருந்தது.

பற்றரி அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் இருந்தது. துறையில் மிஞ்சியது வெயிலில் வேலை செய்யும் கல்குலேற்றர் ஒன்று. நெற்றியில் சின்னதாகக் கறுப்புக் கண்ணாடிப் பட்டி, வேறு உயிர் அதற்கு இல்லை. காலையில் முற்றத்தில் மர வாங்கைப் போட்டு அதில் இருப்போம். வெயில் இறங்கினால் வேலையும் முடிந்தது. முகில் மூடினால் இலக்கங்கள் மெல்ல மங்கிப் போய்விடும். மறுபடி வெளிச்சம் பட்டால் பூச்சியம் காட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளைபோல விழிக்கும்.

கடதாசியும் தட்டுப்பாடு. பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவோம். பென்சிலால் எழுதுவது, இரண்டு பேரும் சரிபார்ப்பது, கடைசி விடையை மட்டும் மையால் எழுதுவது, மிச்சத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் அடுத்த கணக்கைப் போடுவது. எங்கள் எல்லோர் மேசையிலும் அழிறப்பர்த் தூள் கிடக்கும். சிக்கனமாக இருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையும் எங்களுக்கு இருந்தது.

கணக்கின் நடுவில் ஒரு சார்பு வரும். ஒரு குறித்த பருமனுக்குள் சடப்பொருள் எவ்வளவு திரள்திரளாக இருக்கிறது என்று பார்ப்பதற்கான சல்லடை அது. சைன், கோசைன் இரண்டும் அதில் உண்டு. அதன் வர்க்கத்தை வரைந்தால், கையிலிருந்து விழுந்த பந்துபோல இருக்கும். மேலிருந்து இறங்கும், நாலரைக்குச் சற்று முன்னால் நிலத்தைத் தொடும், கொஞ்சம் எழும்பும், திரும்பவும் தொடும், இன்னும் கொஞ்சமாக எழும்பும். கோணத்தை ரேடியனில் போடவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு காலையும் வெயிலில் வைத்ததும் முதல் வேலை பாகையை ரேடியனுக்கு மாற்றுவதுதான். திரையின் மூலையில் அதற்கு ஒரு சின்ன எழுத்து வரும். அந்த மூலை கீறல் விழுந்து ஒன்றும் தெரியாமல் போய்க் கனகாலம்.

புரட்டாதியில், நல்ல வெயில் நாள் ஒன்றில் அந்தச் சார்பைக் கால் காலாகக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு வரை முடிந்து அடுத்ததற்குப் போகும்போது பொம்மர் விமானம் வந்தது. அன்ரன் கல்குலேற்றரைச் சட்டைப் பைக்குள் போட்டான், நான் கடதாசிகளை அள்ளினேன், இரண்டு பேரும் துறைக்குப் பின்னால் இருந்த பங்கருக்குள் ஓடினோம். பனங்குற்றி அடுக்கி மண் மூடிய குழி அது. குண்டு வேறெங்கோ விழுந்தது. வெளியே வந்து, மண்ணைத் தட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். அன்றைக்கே எட்டு வரை முடித்தோம். அவன் போட்டதை அதே இடத்தில் நான் மறுபடி போட்டுச் சரிபார்த்தேன். எல்லாம் ஒத்து வந்தது. அழித்தோம்.

கார்த்திகை பிறந்தபோது விடை வந்துவிட்டது. கொள்கைப்படி, பாரமான கொத்துகள் முற்காலத்திலும் போதிய அளவு இருக்கலாம். வில்கள் சொல்வதும் கொள்கை சொல்வதும் சண்டைபிடிக்கவில்லை. வெளியே எல்லோரும் கேட்க விரும்பிய செய்தி. தலைவர்கூட அன்றைக்குச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது குறைவு.

முடிவை வெளியே கொண்டுபோவதற்கு ஆளும் கிடைத்தார். என் ஊர் அச்சுவேலி. அங்கே எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர் ஒருவர் இருந்தார். மகளிடம் போவதற்கு அவருக்குப் பாஸ் கிடைத்திருந்தது. கொழும்பில் தபாலில் சேர்த்துவிடச் சம்மதித்தார்.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டிடுவன். ட்ரக்டர்காரன் நிக்கமாட்டான். நானும் ஒருத்தருக்கும் நிக்கமாட்டன். போஸ்ற் ஒஃபிசிலையும் நான் அப்பிடித்தான்."

வெள்ளிக்கிழமை காலை நானும் அன்ரனும் துறையில் இருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அன்ரன் எல்லாவற்றையும் நல்ல எழுத்தில் பிரதி எடுத்து முடித்திருந்தான். பிரதியில் பிழை இல்லை என்று பார்ப்பதற்காக நான் மூலத்தை உரத்து வாசிக்க, அவன் பென்சிலால் புள்ளி போட்டுக்கொண்டு வந்தான். இலக்கங்களை வாசிப்பது சலிப்பான வேலை. பாதி நித்திரையில் வாசிக்கலாம். நானும் அப்படித்தான் வாசித்தேன். நாலு கடந்து, நாலேகால் கடந்து, நாலரையை வாசித்தேன். இலக்கம் முன்னையதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. கொஞ்சம்தான். நாலேமுக்காலுக்கு இன்னும் கொஞ்சம். நான் நிறுத்திவிட்டேன்.

சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேனா என்று கேட்பீர்கள். நினைத்தேன். பிரதியைப் பார்த்தேன், அவனுடைய எழுத்தைப் பார்த்தேன், மணிக்கூட்டையும் பார்த்தேன். இப்படி ஒரு நேரத்தில் ஒன்றையும் நினைக்காமல் உடனே வாயைத் திறக்கக்கூடியவர் உங்களில் இருந்தால் அவர் இந்தத் துறையில் மினக்கெடாமல் கீரிமலைக்குப் போய்ச் சாமியாராக இருக்கலாம்.

"ஏனக்கா நிண்டிட்டியள்?"

"அன்ரன், நாலரையிலை இது நிலத்தைத் தொடவேணுமெல்லே?"

அவன் பென்சிலை வைத்துவிட்டு, நிரலை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தான்.

"தொடேல்லை," என்றான். பிறகு, "எங்கடை பந்துக்கு நிலம் பிடிக்கேல்லைப் போலை," என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

சட்டைப் பையிலிருந்து கல்குலேற்றரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். நான் பின்னால் போனேன். மழையில் நனையாமல் தாழ்வார விளிம்பில் நின்று அதை வானத்துக்கு நீட்டிப் பிடித்தான். கனநேரம் கழித்துப் பூச்சியம் வந்தது.

"சைன் முப்பது போடும்," என்றேன்.

அவன் போட்டான். அரை என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் முதன்முதலில் பாடமாக்கிய விடை. முப்பது பாகையின் சைன் அரை. ரேடியனில் இருந்தால் அது வரக்கூடாது.

"பைக்குள்ளை போனால் இது பாகைக்குத் திரும்பியிடும்," என்று அன்ரன் மெதுவாகச் சொன்னான். "பங்கருக்குள்ளை இருட்டிலை இருந்ததல்லே. வெளியிலை வந்து நாங்கள் மாத்தேல்லை, அக்கா."

உறுதிப்படுத்த நாலரைக்கு மட்டும் பாகையில் போட்டுப் பார்த்தோம். மையால் எழுதியிருந்த இலக்கம் அப்படியே வந்தது. ரேடியனில் போட்டபோது ஏறத்தாழப் பூச்சியம்.

இதில் மனதை அரிக்கிற இரண்டு விசயம் உண்டு. பாகையில் போட்டால் அந்தச் சார்பு மைனஸில் விழும். ஆனால் வர்க்கமாக்கினால் மைனஸ் போய்விடும். மைனஸ் இருந்த பென்சில் வரிகளை நாங்கள் கடதாசிச் சிக்கனத்தில் அழித்துவிட்டோம். மற்றது, இரண்டேகாலுக்குக் கிட்ட இரண்டு முறையிலும் வர்க்கம் கிட்டத்தட்ட ஒரே விடையைத்தான் தரும். நம்பாவிட்டால் நீங்களே போட்டுப் பாருங்கள். பொம்மர் வந்ததும் சரியாக அந்த இடத்தில்தான். ஒரு படி முன்பின்னாக வந்திருந்தால் இலக்கம் துள்ளியிருக்கும், நாங்களும் கண்டிருப்போம். இரண்டு பேர் சரிபார்த்தோம் என்று பெருமைப்பட்டோமே, இரண்டு பேரும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறோம். அது ஒருவர் பார்த்ததற்குத்தான் சமம்.

நிலத்தைத் தொடாத பந்து, சல்லடை தரும் கூட்டுத்தொகையைச் சற்றுக் கூட்டிவிட்டது. சற்றுத்தான். ஆனால் பாரமான கொத்துகளின் எண்ணிக்கை அந்தத் தொகையில் எப்படித் தங்கியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே சிறுதுளி கூடினால் இங்கே பல மடங்கு. எல்லோருக்கும் பிடித்த எங்கள் விடை, பங்கரின் இருட்டில் பிறந்த விடை.

தலைவர் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் துடைத்தார்.

"திருப்பிப் போட எவ்வளவு நேரம்?"

"வெயில் இருந்தால் நாலைஞ்சு நாள், சேர்," என்றான் அன்ரன். "இந்த மழையிலை எத்தினை கிழமையோ தெரியாது. மடக்கை வாய்ப்பாட்டிலை போடலாம். அதுவும் இண்டைக்கு ஏலாது."

"அந்த மனுசன் எத்தினை மணிக்கு வெளிக்கிடுறார்?"

"ரெண்டுக்கு," என்றேன்.

பிறகு அன்ரன் கதைத்தான். அவன் கதைத்ததில் ஒரு பிழையும் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

"சேர், இதை இப்பிடியே அனுப்பினால் என்ன? அங்கை இருக்கிறவை கொம்பியூட்டரிலை போட்டுப் பாப்பினம். நான் போனாப்பிறகு நானே திருத்திப்போடலாம். முதலிலை ஆள் வெளியிலை போகவேணும். அம்மா இனி எத்தினை நாளைக்கு மீன்கூடை தூக்குவா?"

தலைவர் அவனைத் திட்டவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. "நீர் அனுப்பினாலும் நான் கையெழுத்து வைப்பன்," என்றார். "பிழை எண்டு எழுதி அனுப்பினாலும் வைப்பன். உம்மடை தாயை நான் பாக்கிறதில்லை, நீர்தான் பாக்கிறீர். அதாலை நான் உமக்குப் புத்தி சொல்லமாட்டன். ஒண்டு மட்டும் கேக்கிறன். அங்கை போனாப்பிறகு ஒருநாள் திருத்துவன் எண்டு சொல்லுறீர். அண்டைக்கு அவையளுக்கு என்னண்டு சொல்லுவீர்?"

அன்ரன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை. நான் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் அவன் மனச்சுத்தத்தோடு போயிருப்பான். இனி எப்படிப் போனாலும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அதை அவனுக்குச் செய்தது நான்.

அவன் நல்ல எழுத்தில் எழுதிய பிரதியை எடுத்தான். இரண்டுக்கு மேலான வரிகள் எல்லாவற்றையும் மையால் குறுக்கே வெட்டினான். அடியில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினான். இங்கிருந்து கீழே பிழை, எப்படிப் பிழைத்தது, திருத்தியபின் முடிவை அனுப்புவேன். பங்கர் என்று எழுதவில்லை. கருவி இருளில் வைக்கப்பட்டதால் என்று மட்டும் எழுதினான்.

"ஏன் பங்கர் எண்டு எழுதேல்லை?" என்று கேட்டேன்.

"இரங்கி இடம் தரவேண்டாம், அக்கா. கணக்குக்காகத் தந்தால் காணும்."

தலைவர் கையெழுத்து வைத்தார். அன்ரன் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, அச்சுவேலிக்கு மழையில் சைக்கிள் மிதித்தான். ட்ரக்டர் வெளிக்கிடும் நேரம் போய்ச் சேர்ந்தான் என்று பிறகு போஸ்ற்மாஸ்ரரின் வீட்டார் சொன்னார்கள். நனைந்த கோழிபோல நின்றான் என்றும், தேத்தண்ணி கொடுத்தும் குடிக்காமல் திரும்பிவிட்டான் என்றும் சொன்னார்கள்.

கதை இங்கே நின்றிருந்தால் உங்களுக்கு நல்ல பாடமாக இருந்திருக்கும். கடிதம் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தது. கடலேரியில் ஒன்றும் நடக்கவில்லை. மாதங்கள் கழித்துப் பதிலும் வந்தது. அன்ரனின் நேர்மையைப் பேராசிரியர் மிகவும் மதிக்கிறார், ஆனால் முழுமையான முடிவு இல்லாதபடியால் குழு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது, அடுத்த முறை கட்டாயம் விண்ணப்பிக்கவும். நன்றி சொல்லித்தான் கதவைச் சாத்தினார்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது. இடம் ஒன்று, கேட்டவர்கள் பலர். நேர்மை என்றால் ஏதோ ஒரு நாள் திரும்பி வந்து சேரும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், எங்களுக்கு அது வரவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அதன் பிறகு அன்ரன் அந்தக் கணக்கைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. விரிவுரை செய்தான், வினாத்தாள் திருத்தினான், பகிடி விட்டான். வெயில் நாட்களில் கல்குலேற்றரை எடுத்துக்கொண்டு தனியாகப் போவான். நான் மற்றப் பக்கம் பார்ப்பேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கியதும் எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். அதைப் பற்றி எழுதப்போவதில்லை. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், எனக்குச் சீவன் இல்லை. நான் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், முன்பின் தெரியாத குடும்பங்களோடு இருந்தேன். மழை விட்டு வெயில் எறித்த ஒரு பகலில், அன்ரன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். மெலிந்து போயிருந்தான். என்னைத் தேடிப் பல பள்ளிக்கூடம் ஏறி இறங்கியிருக்கிறான்.

"அம்மா எங்கை?"

"கொடிகாமத்திலை. கடல் மணக்காத ஊரிலை கொண்டந்து விட்டிட்டன் எண்டு பேசிக்கொண்டிருக்கிறா."

இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. சைக்கிள் கரியரில் கட்டியிருந்த பையை அவிழ்த்து, பொலித்தீனில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினான். கல்குலேற்றர். முதுகில் பிளாஸ்ரர் ஒட்டி, அதில் மையால் எழுதியிருந்தது: வெளியில் எடுத்தால் ரேடியன் பார்.

"இது டிப்பாட்மென்ற் சாமான், அக்கா. இனி என்ரை கையிலை இருக்கக்கூடாது. நீங்கள் குடுத்துவிடுங்கோ."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பட்டம் எடுக்காமல் தகுதிகாண் காலம் முடிந்ததால் வேலை போய்விட்டதாக ஊரைவிட்டு வெளிக்கிடுவதற்கு முதல் கிழமை அவனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்தச் சனத்துக்குள்ளால், அந்த மழைக்குள்ளால், தாயையும் ஏற்றிக்கொண்டு, தனக்குச் சொந்தமில்லாத இந்தச் சாமானையும் நனையாமல் கொண்டுவந்திருக்கிறான்.

"அண்டைக்கு நான் வாயைத் திறவாமல் இருந்திருக்கலாம், அன்ரன்."

"உதை நான் கனதரம் யோசிச்சிட்டன். நீங்களும் யோசிச்சுக் களைக்காதேங்கோ." சைக்கிளைத் திருப்பினான். பிறகு நின்று சொன்னான்: "முழுக்கத் திருப்பிப் போட்டன், அக்கா. நாலரைக்குக் கிட்டத் தொட்டுது. ஏழேமுக்காலுக்குக் கிட்டத் திரும்பவும் தொட்டுது. வடிவாய்த் தொட்டுது."

"முடிவு?"

"பாரமான கொத்து அந்தக் காலத்திலை இருக்கவே கூடாது எண்டு வருது. ஆனால் இருக்கெண்டெல்லே சொல்லினம். இருந்தால் கொள்கையிலைதான் எங்கையோ பிழை."

"ஆருக்கும் அனுப்பினீரோ?"

"ஆருக்கு?" என்று கேட்டான். கேட்டதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டதுபோல இருந்தது.

பிறகு அவன் வன்னிக்குப் போனான், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போனான். வருடத்தில் ஒருமுறை தொலைபேசியில் கதைப்பான். தாய் இருக்கும்வரை தாயைப் பற்றிக் கதைத்தோம், இப்போது முழங்கால் வலியைப் பற்றிக் கதைக்கிறோம். வானத்தைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. பிற்காலத்தில் பெரிய தொலைநோக்கிகள் வந்து, முற்காலப் பாரக் கொத்துகளைப் பிடித்து, பழைய கொள்கையை மாற்றியது உங்களுக்குப் பாடத்திட்டத்தில் வருகிறது. நான் அதைப் படிப்பித்த ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு நேரத்தோடு போய்விடுவேன்.

அன்றைக்கு அவன் போனபின், பள்ளிக்கூட முற்றத்தில் வெயிலில் நின்று கல்குலேற்றரைப் பிடித்தேன். பூச்சியம் வந்தது. சைன் முப்பது போட்டேன், அரை வந்தது. ரேடியனுக்கு மாற்றினேன். திரும்பவும் போட்டு, சரிதான் என்று பார்த்தேன். பிறகு பைக்குள் வைத்தேன், இருட்டுக்குள் போனதும் அது மறந்துவிடும் என்று தெரிந்தும்.